உள்ளூர் மரத்தில் மேசை, பெஞ்சு செய்வது எப்படி: தடியிலிருந்து பூச்சு வரை முழுமையான வழிகாட்டி

மேசை செய்யலாம் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலோர் முதலில் காகிதத்தில் படம் போடுகிறார்கள். அப்புறம் அந்தப் படத்துக்கு ஏற்ற பலகையைத் தேடி அலைகிறார்கள். உலர்த்தி, அளவெடுத்து அடுக்கி வைத்த மரத்தைக் கடையில் வாங்குகிறவருக்கு இந்த வரிசை ஒத்துவரும். காற்றில் சாய்ந்த மரத்தையோ, காய்ப்பு நின்றுபோன தோப்பு மரத்தையோ எடுத்துச் செய்கிறவருக்கு ஒத்துவராது. இங்கே முதலில் மரம், அடுத்து அறுப்பு, அடுத்து உலர்த்தல், கடைசியில்தான் படம்.

இது எனக்கு என் முதல் பெஞ்சு சொல்லிக்கொடுத்தது. அறுத்து ஆறு வாரமே ஆன பலகையில் அதைச் செய்தேன். நான்கு மாதத்தில் இருக்கைப் பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. ஒரு பலகை ஆணி வரிசையை ஒட்டியே நீளவாக்கில் பிளந்தது. இணைப்பிலும் பூச்சிலும் குறையில்லை. ஈர மரத்தில் கைவைத்ததுதான் தப்பு. அதற்குப் பிறகு புதியவர்கள் செய்வதைப் பார்த்ததிலும் முக்கால்வாசிச் சிக்கல் உளியைக் கையில் எடுப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியிலும் அந்தப் பாதிதான் நீளம்.

1. தொடங்கும் முன் என்னென்ன வேண்டும்

முதல் தேவை இடம். மேலே கூரையும் பக்கவாட்டில் காற்றோட்டமும் உள்ள, பலகை நீளத்துக்கு ஏற்ற ஓர் இடம் பல மாதங்களுக்கு உங்களுக்கே வேண்டும். நடுவில் மாற்றினால் அடுக்கு குலையும், பலகை முறுக்கிக்கொள்ளும்.

கருவிகளில் ரம்பம், இழைப்புளி, மூன்று நான்கு அளவு உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம், க்ளாம்ப்கள், சாணைக்கல். மின்கருவிகள் இருந்தால் வேகம் கூடும், அவ்வளவுதான். ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு நல்ல தராசும் சூளை அடுப்பும் (ஓவன்) போதும், விவரம் 6-ஆம் பகுதியில்.

மரத்தூள் முகமூடியை விட்டுவிடாதீர்கள். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. இயற்கையான பொருள்தானே என்று சும்மா இருக்க முடியாது.

2. எந்த மரத்தை எடுப்பது

நன்றாக இருக்கிற மரத்தை மேசைக்காக வெட்டுவதில் சூழலுக்கு நன்மை எதுவும் இல்லை. புயலில் விழுந்தது, நோய் கண்டது, கட்டுமானத்துக்காக எப்படியும் போகப்போவது, விளைச்சல் ஓய்ந்த தோப்பு மரம், நடவுக் காட்டில் இடம்விடுவதற்காகக் களைந்தெடுப்பது: இவற்றைத்தான் முதலில் தேட வேண்டும். பல இடங்களில் இவை விறகாகத்தான் போகின்றன.

தேடும்போதே உரிமையையும் சரிபாருங்கள். சொந்த நிலத்து மரமானாலும் வெட்டவோ வண்டியில் ஏற்றவோ அனுமதி தேவைப்படும் இடங்கள் உண்டு. சில மரங்களுக்குச் சர்வதேசக் கட்டுப்பாடும் இருக்கிறது. ஈட்டி மரம் சேர்ந்த தால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரியிலிருந்து, அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. எழுத்து வடிவில் அனுமதி கையில் இல்லாமல் ரம்பம் வைக்கக் கூடாது.

அடுத்தது மரத்தின் குணம். பெரும்பாலான மரங்களில் நடுவில் இருக்கும் அடர்நிற வைரப்பகுதி உறுதியானது, பூச்சிக்கும் பூஞ்சைக்கும் ஓரளவு தாங்கும். சுற்றியிருக்கும் வெளிர்நிற வெளிமரத்தில் மாவுச்சத்து அதிகம், பூச்சிக்கு அதுதான் சாப்பாடு. மாமரம், ரப்பர் மரம் போன்றவற்றில் வைரம் தனியாகப் பிரிந்து தெரியாது. முழுத் தடியையும் வெளிமரம்போலவே நடத்துங்கள்.

சில மரங்களின் பழக்கத்தை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. தேக்கு அதிகம் சுருங்காது, ஆனால் அதிலுள்ள சிலிக்கா கருவியின் கூர்மையைச் சீக்கிரம் மழுக்கும். வேம்பில் நார் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் பின்னியிருக்கும், இழைக்கும்போது பிய்ந்து வரும். தூங்குமூஞ்சி மரம் மிகக் குறைவாகவே சுருங்கும் என்பதால் ஈரமாகவே கிண்ணம் கடைகிறார்கள். தென்னையின் வெளிச்சுற்று இரும்புபோல் இருக்கும், நடுப்பகுதி கையால் கிள்ளும் அளவுக்கு மென்மை. அதனால் அதில் வெளிச்சுற்றை மட்டும்தான் கால்களுக்குப் பயன்படுத்தலாம்.

வீட்டோர, சாலையோர மரம் என்றால் இரும்பு இருக்கிறதா பாருங்கள். கொடிக்கம்பிக்கு அடித்த ஆணியை மரம் விழுங்கியிருக்கும். வெட்டுமுகத்தில் நீலக்கறுப்புக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்க வாய்ப்பு அதிகம். உலோகம் கண்டறியும் கருவியை ஓட்டிப் பார்க்காமல் மில்லுக்குக் கொண்டுபோனால் அவர்கள் ரம்பம் போகும், உங்கள் பேரும் போகும்.

3. வெட்டிய அன்றே செய்ய வேண்டியது

தடியின் இரண்டு முனைகளையும் அன்றைக்கே மூடுங்கள். மெழுகு, கெட்டியான பழைய பெயின்ட், எதுவானாலும் சரி, இரண்டு கோட்டு. மரத்தின் முனை வழியாக ஈரம் வெளியேறும் வேகம் பக்கவாட்டைவிடப் பத்து முதல் பதினைந்து மடங்கு. முனை முந்திச் சுருங்கி, நடுப்பகுதி சுருங்காமல் இருந்தால் முனை பிளக்காமல் என்ன செய்யும்?

மூடினாலும் கொஞ்சம் பிளக்கும். அதனால் உங்களுக்கு வேண்டிய நீளத்தைவிட இரண்டு பக்கமும் 10 முதல் 15 சென்டிமீட்டர் கூடுதலாக வைத்து வெட்டுங்கள். இந்த ஒன்றை மறந்து, 180 சென்டிமீட்டர் பெஞ்சுக்குச் சரியாக 180-க்கு வெட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

தடியை மண்ணில் போடாதீர்கள். கட்டைகள் மேல் ஏற்றி நிழலில் வையுங்கள். வெளிர்நிற மரங்களில் சில நாட்களிலேயே பூஞ்சை நீலம் பாய்ச்சிவிடும். அதனால் பலம் பெரிதாகக் குறையாது, ஆனால் இழைத்தாலும் அந்த நிறம் போகாது. இந்த மரங்களுக்கு வெட்டுவதற்கும் அறுப்பதற்கும் நடுவே ஒரு வாரம்கூட நிறைய.

4. அறுப்பு

மில்லுக்குப் போகும் முன் எந்தத் தடிமன் எத்தனை வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்த பலகை 20 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் 26 அல்லது 28-க்கு அறுங்கள். உலரும்போது சுருங்கவும், வளைவை இழைத்து எடுக்கவும் அந்த மிச்சம் வேண்டும்.

கால்களுக்கான சட்டத்தை 50 மில்லிமீட்டருக்கு மேல் தடியாக அறுக்க ஆசை வரும். தடிமன் இரட்டித்தால் உலரும் காலம் இரண்டு மடங்கைவிடவும் கூடும். 25 மில்லிமீட்டர் பலகைகளை உலர்த்தி, பிறகு இரண்டு மூன்றை ஒட்டிக் கால் செய்வது சீக்கிரமும் நிச்சயமும் ஆகும்.

நடுக்குருத்தை, அதாவது தடியின் நட்டநடுவில் நீளவாக்கில் ஓடும் மென்மையான பகுதியை, எந்தப் பலகையிலும் விடாதீர்கள். குருத்து உள்ளே மாட்டிய சட்டம் எப்படி உலர்த்தினாலும் வெடிக்கும். ஏன் என்றால், மரம் வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சுற்றளவு அதிகமாகக் குறைந்து ஆரம் அந்த அளவுக்குக் குறையாவிட்டால் வட்டம் எங்காவது விரிசல் விட்டே ஆக வேண்டும். நீளவாக்கில் சுருங்குவது 0.1 முதல் 0.2 சதவீதம்தான், அதைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்.

இதே காரணத்தால், வெட்டுமுகத்தில் வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகை குறைவாக அசையும், தட்டையாக இருக்கும். வளையங்கள் படுத்திருக்கும் பலகை கிண்ணம்போல் வளையும். முன்னதுக்கு மரம் கொஞ்சம் வீணாகும், தடியும் பருமனாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் அப்படி அறுக்கத் தேவையில்லை. மேசைமேல் பலகைக்கும் கதவுச் சட்டத்துக்கும் மட்டும் கேளுங்கள்.

அறுத்ததும் ஒவ்வொரு பலகையிலும் தேதியும், எந்தத் தடி, எத்தனையாவது பலகை என்பதையும் எழுதுங்கள். ஒரே தடியின் அடுத்தடுத்த பலகைகள் நிறமும் ரேகையும் ஒத்துப்போகும். பின்னால் மேசைமேல் பலகையைச் சேர்க்கும்போது இந்தக் குறிப்புக்கு நன்றி சொல்வீர்கள்.

5. பூச்சித் தடுப்பு: உலர்த்தும் முன்பே

இந்தப் படியைப் பலர் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். வெங்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் மரத்துக்குள் பரவ, மரத்தில் ஈரம் இருக்க வேண்டும். ஈரத்தின் வழியாகத்தான் அது உள்ளே நகரும். காய்ந்த பலகையில் தடவினால் மேலோடு நின்றுவிடும்.

வெளிமரம் உள்ள பலகைகளை அறுத்த ஓரிரு நாளில் கரைசலில் முக்கி, இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் மூடிச் சில வாரம் விடுங்கள். அளவை உறையில் உள்ளபடி கலக்குங்கள். கையுறை கட்டாயம். மழையில் இது கரைந்து வெளியேறிவிடும், ஆகவே வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்கு மட்டும். காய் நறுக்கும் பலகைக்கோ, குழந்தைகள் வாயில் வைக்கும் பொருளுக்கோ வேண்டவே வேண்டாம். நல்ல வைரப் பலகைகளுக்கு இந்தப் படி தேவையே இல்லை. வெளிமரத்தைச் சீவி எறிந்துவிட்டால் போதும்.

6. அடுக்குவதும் உலர்த்துவதும்

இந்த ஒரு பகுதியைச் சரியாகச் செய்தால் மற்றவற்றில் வரும் தவறுகளை மன்னித்துவிடலாம்.

பச்சை மரத்தில் இருக்கும் ஈரம் அதன் உலர்ந்த எடையில் 60 சதவீதமும் இருக்கலாம், 100-ஐத் தாண்டியும் போகலாம். அதில் பெரும்பகுதி செல்களின் உட்குழியில் தங்கிய வெறும் நீர். அது போகும்வரை மரம் எடை குறையும், சுருங்காது. சுமார் 28 முதல் 30 சதவீதத்துக்குக் கீழே போனபிறகுதான் செல்சுவரிலிருந்தே நீர் வெளியேறி மரம் சுருங்கத் தொடங்கும். புதியவர்கள் ஏமாறும் இடம் இது. முதல் சில வாரத்தில் எடை வேகமாகக் குறைகிறது, பலகை நேராகவே இருக்கிறது, "காய்ந்துவிட்டது" என்று எடுத்துவிடுகிறார்கள். உண்மையில் ஆட்டமே அப்போதுதான் ஆரம்பம்.

அடுக்கும் முறை: தரையிலிருந்து 30 சென்டிமீட்டராவது உயரத்தில் சமமான அடித்தளம். அதன்மேல் ஒரு வரிசைப் பலகை, பலகைகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி. அதற்கு மேல் குறுக்காக 20 முதல் 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள காய்ந்த குச்சிகள், 40 முதல் 50 சென்டிமீட்டருக்கு ஒன்று. பிறகு அடுத்த வரிசை.

குச்சிகள் எல்லாம் ஒரே தடிமனாக, ஒன்றின் நேர்மேலே ஒன்றாக இருக்க வேண்டும். மேல் வரிசையின் பாரம் குச்சி வழியாகத்தான் கீழே இறங்குகிறது. குச்சி தள்ளிப்போனால் நடுவில் தொங்கும் பலகை அந்த வளைவிலேயே காய்ந்து, அப்படியே இறுகிவிடும். அதை இழைத்து நேராக்குவது என்றால் பாதிப் பலகை சுருளாகப் போகும். ஈரக் குச்சி வைத்தால் குச்சி பட்ட இடமெல்லாம் கறை.

மேலே கனமாக ஏதாவது ஏற்றுங்கள், கல்லானாலும் சரி. மேல் வரிசைதான் எப்போதும் அதிகம் முறுக்கும், எனவே மோசமான பலகைகளை மேலே போடுங்கள்.

வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயுமே என்று தோன்றும். மேல்தோல் காய்ந்து சுருங்கப் பார்க்கும், உள்ளே ஈரம் விடாது, முகமெல்லாம் மெல்லிய வெடிப்பு. கனமான, அடர்த்தியான மரங்களுக்கு முதல் சில வாரம் காற்று வரும் பக்கத்தில் சாக்குத்துணி தொங்கவிட்டு வேகத்தைக் குறையுங்கள். மாமரம் போன்ற வெளிர்மரத்துக்கு நேர் எதிர்: குச்சி வைத்து அடுக்கிய முதல் வாரத்தில் காற்று நன்றாகப் பாய வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை. இரண்டுக்கும் ஒரே அடுக்குப் போட்டுவிட்டு ஒன்று வெடித்தது, மற்றது கறுத்தது என்று புலம்பிய அனுபவம் எனக்கு உண்டு.

எவ்வளவு நாள்? தடிமனில் அங்குலத்துக்கு ஓர் ஆண்டு என்பது பழைய கணக்கு. வெப்பமான, வறண்ட காற்றில், மென்மையான மரம் அதைவிட வெகு சீக்கிரம் காயும். அடர்த்தியான மரம் அந்தக் கணக்கையும் மீறும். நாள்காட்டியை நம்பாமல் அளந்து பாருங்கள்.

ஊசி உள்ள ஈரமானியை முனையில் குத்தாதீர்கள், அங்கே எப்போதும் குறைவாகவே காட்டும். ஒரு மாதிரிப் பலகையின் நடுவில் குறுக்கே வெட்டி, புதிய வெட்டுமுகத்தில் குத்துங்கள். ஈரமானி இல்லையென்றால், முனையிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஒரு சிறு துண்டு வெட்டி, உடனே எடைபோட்டு, சுமார் 103 டிகிரி செல்சியஸில் எடை மாறாமல் நிற்கும்வரை சூளை அடுப்பில் வையுங்கள். முதலில் 156 கிராம், கடைசியில் 120 கிராம் என்றால், போன 36 கிராமை 120-ஆல் வகுக்க 30 சதவீதம். வகுப்பது உலர்ந்த எடையால். முதல் எடையால் வகுத்துவிட்டு 23 என்று நினைத்துக்கொள்வது சகஜமான தவறு.

எந்த எண் வந்தால் போதும் என்பது மேசை நிற்கப்போகும் அறையைப் பொறுத்தது. மரம் காற்றோடு சமன் ஆகும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் மரம் 9-க்கு அருகில் நிற்கும். 65 என்றால் 12. 80 என்றால் 16. திறந்த கொட்டகையில் 14-க்கு வந்த பலகையைக் குளிரூட்டிய அறையில் வைத்தால் அது இன்னும் சுருங்கத்தான் செய்யும். அதனால் கொட்டகையில் எடை நிலைத்தபின், பலகைகளை அந்த அறையிலோ அதைப்போன்ற அறையிலோ குச்சி வைத்து அடுக்கி மூன்று நான்கு வாரம் விடுங்கள்.

7. இப்போது படம் வரையுங்கள்

காய்ந்த பலகைகளைச் சுவரில் சாய்த்து வரிசையாக நிறுத்துங்கள். எது நேராக இருக்கிறது, எது குட்டையாகப் போயிற்று, எங்கே கணு, எங்கே வெடிப்பு என்று பார்த்தபின் அளவுகளை முடிவு செய்யுங்கள். நான்கு நேரான துண்டு கிடைக்காவிட்டால் உயரக் கால் மேசையை விட்டுக் குட்டைப் பெஞ்சுக்குப் போங்கள். கணு உள்ள பலகை அடித்தட்டுக்குப் போகும். வீணாவது குறைய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

படத்தில் முக்கியமான கேள்வி: ஒவ்வொரு பலகையும் அகலவாக்கில் எவ்வளவு அசையும், அதற்கு இடம் எங்கே? ஒரு கணக்குப் போடலாம். வளையப் போக்கில் மொத்தம் 6 சதவீதம் சுருங்கும் மரம் என்றால், 30-லிருந்து பூஜ்யம்வரை ஈரம் இறங்கும்போது அந்த 6. அதாவது ஈரம் ஒரு சதவீதம் மாறினால் அகலம் 0.2 சதவீதம் மாறும். ஈரக்காலத்துக்கும் வறண்ட காலத்துக்கும் நடுவே மரத்தின் ஈரம் 4 சதவீதம் ஏறி இறங்கினால், 80 சென்டிமீட்டர் அகல மேசை 6.4 மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். எந்தப் பசையும் எந்தத் திருகும் இதைத் தடுத்து நிறுத்தாது. தடுத்தால் பலகைதான் பிளக்கும்.

ஆகவே மேசைமேல் பலகையைச் சட்டத்தோடு ஒட்டாதீர்கள். குறுக்கே நீண்ட துளையில் திருகு போடுங்கள், அல்லது சட்டத்தின் உள்பக்கப் பள்ளத்தில் நழுவும் மரக்கட்டைகளால் பிடியுங்கள். கதவுப் பலகையாக இருந்தால் சட்டத்தின் பள்ளத்தில் சும்மா நுழைத்து விடுங்கள், பசை வேண்டாம்.

படம் போடும்போதே எது முதலில் கெடும் என்றும் யோசியுங்கள். பெஞ்சின் இருக்கை தேயும், கால் நுனி ஈரத்தில் மட்கும். அவற்றைத் தனியாகக் கழற்றி மாற்றும்படி வையுங்கள். உலர்ந்த மரத்தின் எடையில் சுமார் பாதி கார்பன். 20 கிலோ மேசையில் 10 கிலோ கார்பன், கரியமில வாயுவாகக் கணக்கிட்டால் சுமார் 37 கிலோ. மேசை எரிந்தோ மட்கியோ போகிற அன்று அது மறுபடி காற்றுக்குத்தான் போகும். ஒரு கால் போனதற்காக முழு மேசையும் குப்பைக்குப் போகக் கூடாது.

8. இழைத்து அளவுக்குக் கொண்டுவருவது

வரிசை இதுதான்: முதலில் ஒரு முகம், அந்த முகத்துக்குச் செங்குத்தாக ஓர் ஓரம், பிறகு எதிர் ஓரம், பிறகு எதிர் முகம், கடைசியில் நீளம். ஒவ்வொரு படியும் முந்தையதைப் பார்த்து அளக்கிறது. முதல் முகம் முறுக்கோடு இருந்தால் அடுத்த எல்லாமே முறுக்கு.

முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு நேரான சட்டங்களைப் பலகையின் இரு முனைகளிலும் குறுக்கே வைத்து, கண்ணைத் தாழ்த்தி ஒன்றின் மேல்விளிம்பை மற்றதோடு ஒப்பிடுங்கள். இணையாக இல்லாவிட்டால் உயர்ந்த மூலையை இழைக்க வேண்டும்.

முதலில் 2 மில்லிமீட்டர் மிச்சம் வைத்து இழைத்துவிட்டு, இரண்டு மூன்று நாள் குச்சி வைத்து விடுங்கள். உள்ளே இருந்த இறுக்கம் தளர்ந்து பலகை கொஞ்சம் அசையும். அப்புறம் இறுதி அளவுக்கு இழையுங்கள். இரண்டு முகத்திலிருந்தும் ஏறக்குறைய சம அளவு எடுங்கள். ஒரே பக்கம் சுரண்டினால் வளையும்.

நார் பிய்ந்து வந்தால் பலகையைத் திருப்பிப் போட்டு எதிர்த்திசையில் இழையுங்கள். வேம்புபோல் பின்னிய நார் என்றால் இரண்டு திசையும் பிய்யும். அங்கே இழைப்புளியின் அலகை நன்றாகத் தீட்டி, மிக மெல்லிய சீவலாக, கொஞ்சம் சாய்வாகத் தள்ள வேண்டும்.

9. இணைப்புகள்

முனையை முகத்தோடு ஒட்டினால் நிற்காது. மரத்தின் முனை பசையை உறிஞ்சிவிடும், நாரும் நாரும் சேராது. அதனால்தான் கழுந்தும் துளையும்: குறுக்குச் சட்டத்தின் நுனியை நாக்குபோல் செதுக்கி, காலில் கொத்திய துளையில் நுழைப்பது. கழுந்தின் தடிமன் சட்டத்தில் மூன்றில் ஒன்று போதும். தடித்தால் துளையின் சுவர் பலவீனம், மெலிந்தால் கழுந்தே ஒடியும்.

துளையை முதலில் கொத்துங்கள், பிறகு அதற்கு ஏற்றபடி கழுந்தைச் சீவுங்கள். கழுந்தைச் சீவிக் குறைப்பது எளிது, துளையைச் சரிசெய்வது கடினம். கையால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், கவிழ்த்தால் தானாக விழக் கூடாது. கொட்டாப்புளியால் ஓங்கி அடித்து நுழைக்க வேண்டியிருந்தால் கால் பிளக்கும்.

பசையே இல்லாமலும் இறுக்கலாம். காலில் குறுக்கே துளையிட்டு, கழுந்திலுள்ள துளையை மட்டும் தோள்பக்கமாக, அதாவது கழுந்து சட்டத்தோடு சேரும் பக்கமாக, ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போடுங்கள். நுனி கூராக்கிய மர ஆப்பை அடித்தால் அது கழுந்தை உள்ளே இழுத்துப் பிடிக்கும். ஆப்பு, காலைவிட நன்றாகக் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். பின்னால் பழுது வந்தால் ஆப்பைத் துளைத்தெடுத்துக் கழற்றிவிடலாம். பசைதான் வேண்டும் என்றால் வெந்நீரில் இளகும் வச்சிரப்பசைக்கும் இதே வசதி உண்டு.

கருவேலம்போல் துவர்ப்புச் சத்து உள்ள மரங்களில் சாதாரண இரும்புத் திருகு ஈரம் பட்டால் கறுப்பாகக் கறை விடும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு போடுங்கள்.

10. பூச்சு

எண்ணெய், மெழுகு, அரக்குப் பாலிஷ் மூன்றும் தேய்ந்த இடத்தில் மட்டும் மறுபடி பூச இடம் கொடுக்கும். கடினமான பிளாஸ்டிக் படலம் அதிக நாள் தாங்கும், ஆனால் உரிந்தால் முழுவதையும் சுரண்ட வேண்டும். எதுவானாலும் மேசைமேல் பலகையின் அடிப்பக்கத்தையும் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் மறுபக்கம் ஈரத்தை வேகமாக ஏற்று இறக்கி, பலகை வளையும்.

ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து கெட்டியாகும்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற முடியாமல் தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

11. செய்து முடித்தபின்

முதல் ஓராண்டு, காலநிலை மாறும்போதெல்லாம் ஒருமுறை மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள். நீண்ட துளையில் திருகு நடுவிலிருந்து எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று தெரியும். ஓரத்தை முட்டிக்கொண்டு நின்றால் துளையை இன்னும் கொஞ்சம் நீட்டுங்கள்.

மருந்து முக்காத மரத்தின் சீவலைத் தோட்டத்தில் செடிகளுக்கு மூடாக்காகப் போடலாம். மருந்து ஏறிய மரத்தின் சீவலை அங்கே கொட்டவும் வேண்டாம், அடுப்பில் எரிக்கவும் வேண்டாம். அதே தடியில் மிஞ்சிய நல்ல பலகை ஒன்றிரண்டை எழுதிய குறிப்பு அழியாமல் எடுத்து வையுங்கள். பத்து ஆண்டு கழித்து ஒரு கால் மாற்ற வேண்டிவந்தால், அதே நிறத்தில், அதற்குள் நன்றாகக் காய்ந்த மரம் வேறெங்கும் கிடைக்காது.